பதினொரு மணிப் படகு

எங்கள் பந்தயத்துக்கு யாரும் தரையில் கோடு போடுவதில்லை. பாம்பூ ஃப்ளாட் ஜெட்டியிலிருந்து பதினொரு மணிக்கு எதிர்க்கரையிலுள்ள சாத்தத்துக்குக் கிளம்பும் படகுதான் கோடு. அது பத்தரைக்கே வந்து கட்டி நிற்கும். சைக்கிளோடு யார் முதலில் ஏறுகிறார்களோ அவர் முதல் ஆள், அடுத்து ஏறுகிறவர் இரண்டாவது. பதினொன்றுக்கு படகுத் தொழிலாளியான லஸ்கர் கயிற்றை அவிழ்த்துவிட்டால் பந்தயம் முடிந்தது. அதற்குப் பிறகு வந்து சேர்கிறவர் எத்தனை மேடு ஏறி வந்திருந்தாலும் பந்தயம் ஓட்டாதவர்தான்.

இதை யாரும் உட்கார்ந்து யோசித்து வகுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் படகேறி அக்கரைக்குப் போய், காட்டுக்குள் இருக்கும் மண்சாலைகளில் ஓட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு போர்ட் பிளேர் திரும்ப வேண்டும். படகைத் தவறவிட்டால் வீட்டில் திட்டு விழும். திட்டு வாங்காதவர் ஜெயித்தவர் என்று ஆரம்பித்து, அப்படியே விதியாகிவிட்டது.

அந்த டிசம்பரில் விதியின் மேல் வேறொரு பாரம் ஏறியிருந்தது. மெயின்லேண்டில், நீலகிரிப் பக்கம், மண்பாதைப் பந்தயம் ஒன்றுக்கு எங்கள் குழுவிலிருந்து நான்கு பேர் போகலாம். முந்தைய இரண்டு ஞாயிறுகளில் மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சம் ஓர் இடம். அந்த மூவரைத் தவிர யார் முதலில் படகேறுகிறாரோ அவருக்கு. மற்றவர்கள் சும்மா சந்தோஷத்துக்கு ஓட்டுகிறவர்கள். உண்மையில் போட்டி என் சைக்கிள் கூட்டாளிக்கும் எனக்கும்தான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒப்பந்த வேலை, வேதியியல் லேபில். எட்டு வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். எட்டு வருடமும் அதே மேடுகள், அதே வளைவுகள். டாலிகஞ்சில் எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் மிதித்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து நிறுத்திவிடும். நிறுத்தாத ஒரு சாலையில் ஒருதடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அடுத்த வருடம் அரசுத் தேர்வு, அதற்கடுத்து மாப்பிள்ளை என்று அம்மா காலண்டரில் வட்டம் போடாத குறை. இந்த ஒரு வாசல்தான் திறந்திருந்தது.

என் கூட்டாளி மரைன் ஹில்லில் இருந்தான். அவனுடைய வாப்பாவுக்கு பஜாரில் துணிக்கடை. காலை நாலரைக்கு இரண்டு பேரும் பாதிவழியில் சந்தித்து ஒன்றாக மேடு ஏறுவோம். ஒரே பம்ப், ஒரே செயின் எண்ணெய். பிரேக் கட்டை மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தால் இரண்டு ஜோடியாக வரவழைப்போம், ஆளுக்கொன்று. அவனுக்கும் இந்த இடம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து ஒரு பந்தயத்துக்காகக்கூட அவன் கப்பலேறியதில்லை. துணி கொள்முதலுக்குத்தான் ஏறியிருக்கிறான்.

பந்தயப் பாதை காட்டைச் சுற்றிக் கடைசியில் ஒரு கிரீக்கின், கடல்நீர் ஏறிவரும் ஓடையின், ஓரம் வந்து இரண்டாகப் பிரியும். ஒன்று மலைவழி, ஒன்பது கிலோமீட்டர், சேறும் ஏற்றமும். இன்னொன்று பாந்த். கிரீக்கின் குறுக்கே போட்ட பழைய மண்கரைக்கு அங்கே அதுதான் பெயர். முந்நூறு மீட்டர் இருக்கும். சுனாமியில் நிலம் இறங்கியதிலிருந்து, ஏற்றநீர் வந்தால் பாந்த் தண்ணீருக்குள் போய்விடும். வற்றினால் வெளியே வரும். எந்த வழியில் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் பந்தயத்தில் பாந்தை யாரும் நம்புவதில்லை.

நான் நம்பினேன். துறைமுக அட்டவணைப்படி அந்த ஞாயிறு உச்ச ஏற்றம் ஒன்பது முப்பத்தைந்துக்கு. அதே மாதிரி ஏற்றம் உள்ள வேறு இரண்டு நாட்களில் தனியாகப் போய் நின்று பார்த்தேன். உச்சத்துக்குப் பிறகு நாற்பது நிமிடத்தில் பாந்தின் முதுகு தெரிந்தது. இரண்டு தடவையும்.

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கலாம். ஆனால் கண்டுபிடித்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலையிலேயே அவனிடம் உளறிவிட்டேன்.

"பத்தேகாலுக்கு பாந்த் வெளிய வந்துடும்டா. நேரா குறுக்க விட்டோம்னா அஞ்சு நிமிஷம். மலைவழில போறவன் முக்கால் மணி நேரம் சேத்துல உழணும்."

"பக்கா?"

"ரெண்டு தடவ போய் நின்னு பாத்தாச்சு."

"மகர்?" முதலையைத்தான் கேட்டான்.

"சண்டே அதுக்கு லீவு."

"சரி, சயின்டிஸ்ட் சொன்னா சரிதான்" என்றான். லேபில் வேலை செய்கிறேன் என்பதற்காக அவன் வைத்த பட்டம். கிண்டலுக்கு வைத்ததுதான், ஆனால் அன்றைக்கு அவன் குரலில் கிண்டல் இல்லை.

பிறகு மூன்று நாள் மழை. வெள்ளி, சனி இரண்டு நாளும் தகரக் கூரையில் பேச்சே கேட்கவில்லை. ஞாயிறு விடிந்தபோது வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நான் அட்டவணையை இன்னொரு முறை பார்த்தேன். அதே நேரம். மழையைப் பற்றி எனக்கு வந்த ஒரே யோசனை, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது.

"இந்தச் சகதியில பொம்பளப் பிள்ள எங்கடி போற? ஓட்டப் போறியா, நாத்து நடப் போறியா?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டும்தான்" என்றேன்.

போட்டியை நடத்துகிறவர் எங்கள் ஏரியாவில் சைக்கிள் பழுது பார்க்கும் வங்காளி. எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழ், இந்தி, வங்காளம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். ஜெட்டியில் எங்கள் பதினான்கு பேரையும் நிற்க வைத்து, "சுனோ, கேளு, மண்ணு பூரா வெண்ணெய். விழுந்தா எழுந்திரி. எழ முடியல்லன்னா கத்து. பதினொண்ணுக்கு போட் போயிடும், நம்ம ரிஷ்தேதார், சொந்தக்காரன் போட் இல்ல, நிக்காது. சலோ!" என்றார்.

தார்ச்சாலை வரைக்கும் எல்லோரும் ஒரு கூட்டமாகப் போனோம். விம்பர்லிகஞ்ச் தாண்டி மண் தொடங்கியதும் கூட்டம் சிதறியது. சிவப்புக் களிமண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்குள் அடைத்து, சக்கரம் சுற்ற மறுத்தது. நூறு மீட்டருக்கு ஒரு தடவை இறங்கிக் குச்சியால் தோண்ட வேண்டும். இரண்டு பேர் முதல் இறக்கத்திலேயே சறுக்கி ஓடைக்குள் போனார்கள். மற்றவர்கள் வெகுவாகப் பின்தங்கிவிட்டார்கள், முடிவான மூவர் முன்னால் போய்விட்டார்கள். அந்த மூவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் கண் முழுக்க அவன் முதுகில் இருந்தது.

ஏற்றத்தில் நான் அவனைப் பிடிப்பேன், இறக்கத்தில் அவன் என்னைத் தாண்டுவான். எப்போதும் இப்படித்தான். ஆனால் எப்போதும் தாண்டும்போது ஏதாவது சொல்லிவிட்டுப் போவான். அன்றைக்கு இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கடைசி ஏற்றத்தில் நான் அவனைத் தாண்டியபோது அவன் மூச்சு மட்டும் என் காதில் கேட்டது, ரம்பம் அறுக்கிற மாதிரி.

கிரீக்கின் ஓரம் பாதை பிரியும் இடத்துக்கு வந்தபோது மணி பத்து பதினேழு. மூவரின் டயர்த்தடமும் மலைவழியில் போயிருந்தது. எங்களுக்கு அந்த வழி இனிமேல் உதவாது. முக்கால் மணி நேரம் மலை, அதற்கப்புறம் ஜெட்டிக்கு ஐந்து கிலோமீட்டர். படகு போய்விடும். பாந்தில் போனால் மட்டுமே பதினொன்று.

பாந்த் இல்லை.

அலையாத்திக் காட்டுக்கு நடுவே தேத்தண்ணி நிறத்தில் ஒரே தண்ணீர்ப் பரப்பு. கரையின் ஒரு ஓரத்தைக் காட்ட நட்ட பாக்குமரக் கழிகள் மட்டும் வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டு நின்றன. நாற்பது நிமிடம் முடிந்துவிட்டது. கடல் தன் பங்குக்கு இறங்கியிருக்கும். மூன்று நாள் மழை மலையிலிருந்து இறங்கி, உள்பக்கமாக வந்து பாந்தின் மேல் ஏறி நின்றது. துறைமுக அட்டவணை கடலைத்தான் சொல்லும். மழையை அதில் யார் எழுதுவார்கள்? தீவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கரையில் ஒரு பெரியவர் பாக்குக் குலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ராஞ்சிக்காரர். எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் ஆட்டினார். "மத் ஜானா, பேட்டி! மத் ஜானா!" போகாதே மகளே என்கிறார். கிரீக்கைக் காட்டி, போன மாதம் இதே இடத்தில் தன் நாயை முதலை இழுத்துக்கொண்டு போனது என்று இந்தியில் சொன்னார். எவ்வளவு பெரிசு என்று கையை விரித்தார். கை போதவில்லை, ஓரடி தள்ளி நின்று மறுபடி விரித்தார்.

அவன் எனக்கு இருபதடி பின்னால் இறங்கி நின்றான்.

"என்ன சயின்டிஸ்ட்?" என்றான்.

சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டேன். இறங்கினேன்.

முதல் பத்தடி முழங்கால். பிறகு தொடை. தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. அடியில் கல் இருக்கிறதா என்று காலால் தடவி, இருந்தால் எடையை வைத்து, அடுத்த காலை எடுத்தேன். கழிகளை இடது கைப் பக்கமே வைத்துக்கொண்டேன். சைக்கிளின் பெடல் முதுகில் குத்தியது. ஏதோ ஒன்று முழங்காலில் வந்து இடித்தது. என் உடம்பு முழுக்க ஒரு கணம் மரத்துப்போனது. தேங்காய். உருண்டு போனது. தண்ணீரைப் பார்த்தால் ஒவ்வொரு கட்டையும் கண் திறக்கிற மாதிரி இருந்தது, அதனால் எதிர்க்கரையில் ஒரு மரத்தை மட்டும் பார்த்தேன்.

பின்னால் சளக் என்று சத்தம். அவனும் இறங்கிவிட்டான். இறங்குவான் என்று எனக்குத் தெரியும். என் கணக்கைத்தானே அவன் நம்பி வந்திருக்கிறான். எனக்கு வந்த யோசனை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னும் வேகமாக நடக்க வேண்டும் என்பதுதான்.

பாதிக்கு மேல் போனதும் வரிசையில் இரண்டு கழி இல்லை. அந்த இடத்தில் என் இடது கால் ஒன்றையும் தொடவில்லை. வலது பக்கம் சாய்ந்து, மார்பு வரை நனைந்து, எப்படியோ மறுபடி கல்லைப் பிடித்தேன். இங்கே கரை உடைந்திருக்கிறது, வலது ஓரமாக வா என்று திரும்பிக் கத்தியிருக்க வேண்டும். மூச்சு இல்லை என்று சொல்லிக்கொண்டேன். கரையேறினேன்.

சைக்கிளைக் கீழே வைத்து ஏறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏய்! நில்லு! ஏ நில்லு!"

மணி பத்து முப்பத்தெட்டு. நான் மிதித்தேன்.

ஜெட்டிக்குப் போனபோது பத்து ஐம்பத்து நான்கு. மலைவழியில் வந்த மூவரும் எனக்கு முன்னால் ஏறியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கைதட்டினார்கள். ஒருவன், "அரே, மீன் பிடிச்சுட்டு வர்றியா?" என்றான். தாதா என் சைக்கிளைப் பிடித்து உள்ளே இழுத்தார். "நாலாவது! பஸ், ஹோ கயா! முடிஞ்சிருச்சு!" பிறகு எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார். "அவன் எங்க?"

"பின்னாடி வர்றான் தாதா."

ஆறு நிமிடம் அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆட்டோ வந்தது. மீன்கூடையோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஹார்ன் அடித்தார்கள். லஸ்கர் கயிற்றை அவிழ்த்து எறிந்தான். கரைக்கும் படகுக்கும் நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். மூன்றாம் முறை போடும்போதுதான் அந்தக் குரலை என் தலைக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். போட்டியில் பின்தங்குகிறவன் கத்துகிற கத்தல் இல்லை அது. அதில் 'சயின்டிஸ்ட்' இல்லை. கிண்டல் செய்ய அவனுக்கு நேரமில்லை.

"தாதா, நாங்க பாந்துல வந்தோம்."

அவர் முகம் மாறியதை இப்போதும் பார்க்க முடிகிறது. "மூணு நாள் பாரிஷ். பாந்துலயா? பாகல் ஹோ? பைத்தியமா?" பிறகு மெதுவாக, "அவன் உன் பின்னாடி இறங்கினானா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"இறங்கினான்."

"ஏறினானா?"

"பாக்கல."

சாத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். தாதாவும் நானும் இறங்கவில்லை. அதே படகு திரும்பிப் போக வேண்டும். ஆனால் ஒரு மணல் லாரி பின்பக்கமாக ஏறியது. அடி அடியாக. "ஆனே தோ, ஆனே தோ", வரட்டும் வரட்டும் என்று லஸ்கர் கை காட்ட, அது நின்றது, முன்னே போனது, மறுபடி வந்தது. அந்த லாரியை நான் கையால் இழுத்துப் போட்டிருப்பேன். தாதா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாம்பூ ஃப்ளாட் ஜெட்டியில் அவன் இல்லை. பாந்த் வரைக்கும் மிதித்தோம். வழி நெடுக, எதிரே வந்துவிடு, எதிரே வந்துவிடு என்று முனகிக்கொண்டே போனேன். அவன் வரவில்லை.

பாந்தின் இந்தக் கரையில் நின்று பார்த்தபோது, அந்தக் கரையில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. ஒன்று பாக்கு மூட்டையோடு. இன்னொன்று உட்கார்ந்திருந்தது, ஒரு காலை நீட்டி. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. உட்கார்ந்திருந்த உருவம் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இறக்கிக்கொண்டது.

அதற்குமேல் காத்திருப்பதுதான். தண்ணீர் அவசரப்படவில்லை. முந்நூறு மீட்டர் தூரத்தில் அவனும் இங்கே நானும். பேச முடியாது, காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஒரு மணிக்கு மேல் முதலில் பாந்தின் நடு முதுகு தெரிந்தது, பிறகு இரண்டு முனையும். கழி இல்லாத இடத்தில் ஒரு ஹேண்டில்பார் சேற்றிலிருந்து மேலே வந்தது. அதைப் பார்த்ததும் தாதா, "சல், போலாம்" என்றார்.

அவன் காலில் பெரியவரின் துண்டு கட்டியிருந்தது, ஊறிச் சிவந்திருந்தது. இடது ஓரமாகவே வந்து, உடைந்த இடத்தில் தலைவரை போயிருக்கிறான். சைக்கிள் காலின் மேல் விழுந்து பல்சக்கரம் கிழித்துவிட்டது. பெரியவர் நீண்ட பாக்குக் கழியைத் தூக்கிக்கொண்டு, கடைசித் திடமான கல் வரை தண்ணீருக்குள் இறங்கி நீட்டி, அதைப் பிடிக்கவைத்து இழுத்திருக்கிறார். அவர் இதை எங்களிடம் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தாதாவை மட்டும் பார்த்தார்.

நான் அவன் முன்னால் உட்கார்ந்தேன். அவன் போன் தண்ணீரில் செத்துக் கிடந்தது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கூப்பிட்டேன். கேட்டுச்சா?"

காற்றில் விழவில்லை என்று சொல்லலாம். தூரம் என்று சொல்லலாம். அவன் நம்பியிருப்பான், அல்லது நம்பின மாதிரி இருந்திருப்பான்.

"கேட்டுச்சு" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "எத்தனை மணிக்கு ஏறின?" என்றான்.

"பத்து அம்பத்து நாலு."

"தேறிட்ட."

தாதா சேற்றில் கிடந்த சைக்கிளை இழுத்து வந்தார். இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். "நான் ஒண்ணு சொல்றேன், ஒரே தடவைதான். போட்தான் லைன். இவ ஏறினா, இவ போறா. அத நான் மாத்த மாட்டேன். உங்க ரெண்டு பேருக்குள்ள என்னன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்."

எனக்கு ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அது வெளியே வருவதற்குள் அவன் கையைத் தூக்கினான்.

"விட்டுக்குடுக்கிறேன்னு மட்டும் சொல்லிடாத. கேக்கவே அசிங்கமா இருக்கும்."

"சொல்லப் போறதில்ல" என்றேன். அதுவும் உண்மைதான். வாய் வரை வந்தது அந்த வார்த்தை இல்லை, மன்னிப்பு. அது அங்கேயே நின்றுவிட்டது.

"நல்லது" என்றான்.

பெரியவர் தன் கிணற்றிலிருந்து நான்கு வாளி நல்ல தண்ணீர் கொண்டுவந்து சைக்கிளின் மேல் ஊற்றினார். முன் சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது, உருட்டக்கூட முடியாது. அவன் எழுந்து நின்று, கால் ஊன்ற முடிகிறதா என்று பார்த்தான். முடிந்தது, கொஞ்சம். சைக்கிளைத் தோளில் தூக்கப் போனான்.

"குடுடா, நான் தூக்கறேன்."

"வேணாம்."

"டேய், கால்ல ரத்தம் வருது."

அவன் பாந்தைப் பார்த்தான். ஈரமாக, ஒன்றும் நடக்காத மாதிரி கிடந்தது. ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். பிறகு குனிந்து, அச்சைத் தளர்த்தி, வளைந்த முன் சக்கரத்தை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்தான். மீதியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தான்.